ஏணிக் கேள்விக்கு எல்லாரும் "அஞ்சு" சொல்கிறார்கள்: நல்ல வாழ்க்கையை நம்மூரில் அளப்பது எப்படி? (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

விழுப்புரம் களம்:

வணக்கம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடக்கப்போகும் குடும்பக் கணக்கெடுப்புக்குக் கேள்வித்தாள் தயாராகிறது. நிலம், கடன், உடம்பு எல்லாம் கேட்டு முடித்தபின் கடைசிப் பக்கத்தில் ஏணிக் கேள்வி: "பூஜ்யத்திலிருந்து பத்து வரை படி உள்ள ஏணி. உச்சிப் படி உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்?"

முன்னோட்டத்தில் பதிலெல்லாம் ஐந்தில் வந்து குவிகிறது. வயதானவர்கள் பலர் எண்ணே சொல்வதில்லை, "ஏதோ ஓடுது" என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் மாமியார் 5, மருமகள் 5, மகன் 5. கேள்வியை மாற்றுவதா, "நல்லா இருக்கு / பரவாயில்லை / கஷ்டம்" என்று மூன்றாகச் சுருக்குவதா?

கேள்வித்தாள்:

சுருக்காதீர்கள். ஐந்தில் குவிந்தவர்கள் "பரவாயில்லை"யில் போய்க் குவிவார்கள், அவ்வளவுதான்.

உங்களிடம் இருப்பது பாதிக் கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் இந்த ஏணியைப் பல நாடுகளில் (இந்தியாவும் ஒன்று) கேட்டு 1965ல் வெளியிட்டபோது எண் கடைசியில்தான் வந்தது. முதலில் திறந்த கேள்வி: வாழ்க்கை எப்படி அமைந்தால் உங்களுக்கு நிறைவு, அதற்கு எதெல்லாம் வேண்டும்? அடுத்து அதன் மறுபக்கம்: எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள்? "முதல்ல சொன்னீங்களே, அது மேல் படி. பயம்னு சொன்னீங்களே, அது தரை" என்று காட்டிய பிறகுதான் படி எண். அளவுகோலின் இரண்டு முனையையும் பதில் சொல்பவரே நட்டுக்கொள்கிறார். அந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகக் கணக்கெடுப்பில் கேட்பது சுருங்கிய வடிவம். 2012ல் தொடங்கிய உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசையும் அதன் சராசரிதான். சுருங்கிய வடிவத்தில் உச்சிப் படி காலி. அவர் மனசுக்குள் அங்கே எதை வைத்தார் என்று நமக்குத் தெரியாது.

அந்தக் காலி இடத்தை நிரப்புவது வளர்ப்பு. அறுபதைத் தாண்டிய ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாவுக்கு உச்சிப் படி பெரும்பாலும் இப்படி இருக்கும்: பிள்ளைகளைக் கரையேற்றியாச்சு, கடன் இல்லை, யார் கையையும் எதிர்பார்க்காமல் படுக்கையில் விழாமல் போய்ச் சேரணும். கடைசியை விட்டுவிடாதீர்கள்; நல்ல சாவு இங்கே நல்ல வாழ்க்கையின் ஒரு பகுதி. அவருடைய பேத்தி, 24 வயது, ஓசூரில் வேலை: சொந்தச் சம்பளம், தன் பெயரில் ஒரு வண்டி, தானே பார்த்து முடிவு செய்த கல்யாணம். இருவரும் 5 சொல்வார்கள். எண் ஒன்று, ஏணி இரண்டு. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்று வாழ்த்தக் கேட்டு வளர்ந்தவருக்கு உச்சி ஒரு பட்டியல். சாதிக்கணும் என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது ஓர் இலக்கு. பட்டியல்காரர் எத்தனை முடிந்தது என்று எண்ணுவார், இலக்குக்காரர் இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்.

செய்முறை: திறந்த கேள்வி இரண்டுக்கும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் ஒதுக்குங்கள். "வேற?" என்று இரண்டு தடவைக்கு மேல் கேட்கக்கூடாது. உதாரணம் எடுத்துக்கொடுக்கவே கூடாது, "வீடு, பிள்ளைங்க படிப்பு மாதிரி..." என்று கேட்பவர் இழுத்தால் அந்த இரண்டும்தான் பதிலாக வரும். சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். "குடும்ப நலன்" என்று நாம் சுருக்கிப் பதிந்தால் திறந்த கேள்வி கேட்டதே வீண்.

புள்ளிக்கணக்கு:

கேள்வித்தாள் சார் சொல்வது வரலாற்றுப்படி சரி. ஆனால் ஒரு விலை இருக்கிறது.

முதலாவது வரிசை. ஏணிக்கு முன்னால் எதைக் கேட்டாலும் அது ஏணியில் கசியும். அமெரிக்காவில் கேலப் தினமும் எடுத்த தரவை அலசி பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 2012ல் காட்டியது: அரசியல் கேள்விகளை முன்னால் வைத்த நாட்களில் ஏணிச் சராசரி ஏறக்குறைய 0.6 படி கீழே. கேள்வி வரிசையால் மட்டும் அவ்வளவு. உங்கள் தாளில் ஏணிக்கு முன் கடன் பக்கம் இருக்கிறது. கந்துவட்டி எவ்வளவு, எந்தச் சங்கத்தில் தவணை பாக்கி என்று அரைமணி நேரம் கேட்டுவிட்டு "வாழ்க்கை எப்படி" என்றால் கடனைத்தான் அளப்பீர்கள். இந்த வகைக் கேள்வியை முடிந்தவரை முன்னால் வைக்கச் சொல்லிப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2013 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. குடும்ப உறுப்பினர் பட்டியல் முடிந்தவுடன் ஏணி. இதில் பேரமே வேண்டாம்.

இரண்டாவது, பயம் பற்றிப் பேசவைத்துவிட்டு எண் கேட்டால் எண் இறங்கலாம். மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாது. என் யோசனை: பாதிக் குடும்பங்களுக்குத் திறந்த கேள்வி முதலில், ஏணி பிறகு. மீதிப் பாதிக்கு நேர்மாறு: ஏணி முதலில், உடனே "எப்படி இருந்தா பத்துன்னு நினைச்சுச் சொன்னீங்க?" எது யாருக்கு என்று டேப்லெட் குலுக்கட்டும். கேட்பவர் கையில் விட்டால் அவசரத்தில் இருக்கும்போது சுலபமானதைத்தான் எடுப்பார்.

செங்கம் செல்வி:

தாளைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள், திண்ணையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ஒண்ணு, ஏணி அட்டை. லேமினேட் பண்ணிய அட்டையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு எதிரெதிரே உட்காருகிறார்கள். கேட்பவருக்கு உச்சி மேலே தெரியும், பதில் சொல்பவருக்கு அதே ஏணி தலைகீழ்! அவர் தன் பக்கத்தில் இருக்கும் படியைத் தொட்டால் அது பத்தா பூஜ்யமா? அட்டையை நிமிர்த்திப் பிடிக்கணும், அல்லது பக்கத்தில் போய் உட்காரணும். பூஜ்யம் படியா தரையா என்பதையும் படத்தில் தெளிவாக வரையணும். பத்துக் கம்பும் கீழே தரையும் வரைந்தால் குழப்பம் இல்லை. பதினோரு கம்பு வரைந்தால் சிலர் கீழ்க் கம்பை ஒன்று என்றே எண்ணுவார்கள்.

ரெண்டு, எண் பழக்கம். பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மார்க் ஞாபகம். நூற்றுக்கு 35 பாஸ் என்று வளர்ந்தவருக்கு நாலு என்பது "தேறிட்டேன்". அதை வாசிப்பவர் பாதிக்கும் கீழே என்று எழுதிவிடுவார். எட்டு சனியின் எண் என்று வண்டி நம்பரிலேயே தவிர்க்கிற ஊர் இது. வரைபடம் போட்டவுடன் எட்டில் மட்டும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அதற்குப் பொருளாதாரக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

மூணு, கண்ணேறு. "நான் ரொம்ப நல்லா இருக்கேன், ஒன்பது" என்று வாசலில் உட்கார்ந்து நாலு பேர் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள். குழந்தை கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, "என்னத்த சாப்பிடுது, இளைச்சுப் போச்சு" என்று சொல்லியே வளர்க்கிற வழக்கம் அது. தன் நல்லதைத் தானே உரக்கச் சொல்வது ஆபத்து என்று சின்ன வயதிலேயே படிந்துவிடும். அதனால் எண்ணை வாயால் கேட்காதீர்கள், விரலால் தொடச் சொல்லுங்கள். கேட்பவரும் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லக்கூடாது. முடிந்தால் வாசலில் வேண்டாம், உள்ளே.

நாலு, யார் கூட இருந்தார்கள் என்று ஒரு குறி: 0 யாருமில்லை, 1 சின்னப் பிள்ளை மட்டும், 2 கணவன் அல்லது மனைவி, 3 மாமியார், மாமனார் மாதிரி மூத்தவர், 4 அக்கம்பக்கத்தார். மருமகளைத் தனியாகக் கேட்கணும் என்றால் இருவர் போகணும். ஒருவர் மாமியாரிடம் உறுப்பினர் பட்டியலை எடுக்கும்போது இன்னொருவர் அடுப்படிப் பக்கம். "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், அந்தத் தெருவில் மறுநாள் ஒரு வீடும் திறக்காது.

அஞ்சு, டேப்லெட்டும் கழுத்து அட்டையும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து பெயர் கேட்டு எழுதுகிற யாரைப் பார்த்தாலும் "நம்ம பேரு சேருமா, விட்டுப்போகுமா" என்பதுதான் முதல் நினைப்பு. எண் தானாக இறங்கும். "இதனால் எந்தத் தொகையும் கூடாது, குறையாது" என்பதை ஆரம்பத்தில் ஒரு தடவை, ஏணிக்கு முன் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

விழுப்புரம் களம்:

செல்வி அக்கா, தலைகீழ் அட்டை விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. வயதானவர்களுக்கு ஏணிக்குப் பதில் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லலாமா?

செங்கம் செல்வி:

வேண்டாம் தம்பி. மழை வருமா, விலை ஏறுமா என்று வாய்ப்பைக் கேட்கக் கொட்டை நன்றாக உதவும். இங்கே கொட்டையைக் கையில் எடுத்தால் "எவ்வளவு இருக்கு" என்று சொத்துப் பக்கம் போய்விடுகிறது மனசு. வேண்டுமென்றால் எல்லாருக்குமே கொட்டை, இல்லையென்றால் எல்லாருக்குமே ஏணி. கிழவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று கலந்துவிட்டால் வயதால் வந்த வித்தியாசமா கொட்டையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

வடமராட்சி:

இதே சிக்கல் புலம்பெயர்ந்த ஆக்களிட்டை இன்னும் முறுகிப்போய்க் கிடக்குது. கனடாவிலை ஸ்காபரோவிலை இருக்கிற ஒருவரிட்டை ஏணிக் கேள்வியைக் கேட்டால் அவர் ஆரோடை ஒப்பிடுறார்? பக்கத்து வீட்டுக்காரரோடையோ, ஊரிலை நிண்டுவிட்ட தமையனோடையோ, 1990களிலை வந்து இறங்கினபோது இருந்த தன்னோடையோ? ஸ்டீவன் ஹைனேயும் கூட்டாளிகளும் 2002இலை சொன்னது இதுதான்: ஒவ்வொருத்தரும் தன்னைச் சுத்தியுள்ள ஆக்களை வைச்சுத்தான் தன்னை மதிப்பிடுவினம். அதாலை ரெண்டு பண்பாட்டுச் சராசரியை அப்படியே பக்கத்திலை பக்கத்திலை வைச்சால் உண்மையான வித்தியாசம் மறைஞ்சுபோகும், சிலவேளை தலைகீழாயும் தெரியும்.

அதுக்கு ஒரு மருந்து இருக்கு: நங்கூரக் கதைகள். கேரி கிங்கும் மற்றவையும் 2004இலை எழுதின முறை. எல்லாருக்கும் ஒரே கற்பனை மனிசரைக் காட்டி, "இவர் எந்தப் படி?" எண்டு கேக்கிறது. அவையின்ரை உதாரணம் பிரபலம். அரசாங்க விசயத்திலை உங்கடை பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு எண்டு நேரடியாய்க் கேட்டபோது மெக்சிகோக்காரரைவிடச் சீனாக்காரர் தங்களுக்குக் கூட எண்டு சொன்னவை. கதைகளை வைச்சுத் திருத்தினதும் நிலைமை தலைகீழ்.

கேள்வித்தாள்:

ஆமாம், இதைச் சேர்த்தே ஆகவேண்டும். மூன்று கதை போதும். அந்தப் பகுதிக்கு ஏற்ற நடுக்கதை இப்படி இருக்கலாம்:

"முருகனுக்கு 52 வயது. ஒன்றரை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் உண்டு. மகளைக் கட்டிக்கொடுத்தாச்சு, அதற்கு வாங்கிய கடனில் ஒரு லட்சம் பாக்கி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மாசம் ஒரு தடவை வருவான். சர்க்கரை இருக்கு, மாத்திரையில் அடங்கியிருக்கு. முருகன் எந்தப் படி?"

கீழ்க் கதையில் நிலம் இல்லை, மகன் குடி, உடம்பு முடியவில்லை. மேல் கதையில் கடன் இல்லை, பிள்ளைகள் இருவருக்கும் நல்ல வேலை, நோய் இல்லை. கதையில் வருபவர் பதில் சொல்பவரின் பாலினத்தவராக இருக்கவேண்டும். பெண்ணிடம் கேட்டால் முருகன் லட்சுமி ஆவார், மற்றதெல்லாம் அப்படியே. சாதி தெரியும்படி பெயரோ ஊர்ப்பகுதியோ வரக்கூடாது. கதைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போனால் கடைசியில் சொன்னது மட்டுமே மனசில் நிற்கும்.

புள்ளிக்கணக்கு:

கதை முறைக்கு இரண்டு நிபந்தனை. தன்னை அளக்கும் அதே அளவுகோலால்தான் முருகனையும் அளக்கிறார் என்பது ஒன்று. எல்லாரும் முருகனை ஒரே நிலையில் இருப்பவராகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது மற்றொன்று. நம்மூரில் இரண்டாவதுதான் உடையும். "மகன் திருப்பூரில்" என்றால் பெரியவருக்கு "பிள்ளை கூட இல்லையே" என்ற குறை. இளைஞருக்கு "மாசச் சம்பளம் வருதே" என்ற நிறைவு. ஆகவே முன்னோட்டத்தில் ஒவ்வொரு கதைக்கும் பிறகு "ஏன் அந்தப் படி?" என்று கேளுங்கள். வயது வாரியாகக் காரணம் எதிரெதிராக வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கணக்கிடுவது சிரமமில்லை. மூன்று கதை என்றால் பதில் சொல்பவர் தன்னை வைத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் ஏழு: கீழ்க் கதைக்கும் கீழே, அதற்குச் சமமாக, அதற்கும் நடுக்கதைக்கும் இடையில், இப்படியே மேல் கதைக்கு மேலே வரை. படி எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு இந்த ஏழை வைத்து ஒப்பிடலாம். கீழ்க் கதையை மேல் கதைக்கு மேலே வைத்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். அது ஒரு குறிப்பிட்ட கேட்பாளரிடம் மட்டும் அதிகமாக இருந்தால் அவர் கதையை வேகமாக வாசித்துவிட்டுப் போகிறார் என்று பொருள்.

ஐந்தில் குவிவது பற்றியும் ஒன்று. நடு எண்ணில் நிற்பது பழகிய நடத்தை. சுவான்ஷெங் சென், ஷின்-யிங் லீ, ஹரால்ட் ஸ்டீவன்சன் 1995ல் நான்கு நாட்டு மாணவர்களை ஒப்பிட்டார்கள்: ஜப்பான், தைவான் மாணவர்கள் நடுப்புள்ளியை நாடினார்கள், அமெரிக்க மாணவர்கள் இரண்டு ஓரங்களையும். எனவே ஐந்து எல்லாமே "தெரியாது" அல்ல, எல்லாமே "நடுத்தரம்" என்றும் அல்ல. கதைகளுக்கும் ஐந்து, தனக்கும் ஐந்து என்பவரைப் பிரித்துவிடுங்கள். கதைகளுக்கு 2, 5, 8 என்று சரியாகக் கொடுத்துவிட்டுத் தனக்கு 5 சொன்னவர் நிஜமாகவே ஐந்து சொல்கிறார்.

மாற்றுக்கருத்து:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையில் ஒரு ஆட்சேபணை. உச்சிப் படியை அவரவர் வளர்ப்பே தீர்மானிக்கிறது என்றால், குறைவாகக் கேட்கப் பழக்கப்பட்டவர் நிறைவாக இருக்கிறார் என்றுதானே உங்கள் ஏணி சொல்லும்? அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய பழைய கணக்கு ஒன்று உண்டு. பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944ல், கல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்தப் பெண்கள் இரும்பு உடம்போடு இருந்தார்களா என்ன? உடம்பைப் பற்றிக் குறை சொல்லும் உரிமையே தனக்கு இல்லை என்று வளர்ந்தவர்கள். அதே சென் 2002ல் இன்னொன்றைக் காட்டினார்: ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் நோய் இருக்கிறது என்று சொல்பவர்கள் அதிகம், பீகாரில் குறைவு.

மாமியார் 5, மருமகள் 5 என்ற இடத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். மருமகளின் ஐந்தை "அவள் பண்பாட்டின்படி அவள் நிறைவாக இருக்கிறாள்" என்று எழுதினால், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவதற்கு ஆய்வாளர் முத்திரை குத்தியதாக ஆகும்.

கேள்வித்தாள்:

அந்த ஆட்சேபணைக்கு முழுப் பதில் ஏணிக்குள் கிடைக்காது. ஏணியைத் தனியாக விடக்கூடாது என்பதுதான் பதில். பக்கத்திலேயே கண்ணால் சரிபார்க்கக்கூடிய கேள்விகள் வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் கேட்பது போல: கடைவீதிக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு வெளியே, இந்த மூன்று இடத்துக்கும் தனியாகப் போக முடியுமா? கூடவே, நேற்று ராத்திரி யார் கடைசியாகச் சாப்பிட்டது? சொந்தமாகச் செலவுசெய்ய உங்கள் கையில் பணம் இருக்கிறதா? இவற்றில் எல்லாம் "இல்லை" என்று சொல்லி ஏணியில் 7 வைத்தவர்களைச் சராசரியில் கரைக்காமல் தனிப் பிரிவாகக் காட்டுங்கள். உங்கள் அறிக்கையில் வாசிக்கத்தகுந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்காக மருமகள் சொன்னது பொய் என்றும் எழுதக்கூடாது. சொன்னதையும் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

பூட்டான் போன வழி வேறு. அதன் மொத்தத் தேசிய மகிழ்ச்சிக் கணக்கில் 9 துறை, 33 குறியீடு. ஒவ்வொன்றிலும் "இது போதும்" என்ற எல்லையை வைப்பது கணக்கெடுப்பை வடிவமைத்தவர்கள். உச்சிப் படியை அவர்களே நட்டுவிடுகிறார்கள். சென் சொன்ன சிக்கலை அது பெருமளவு தாண்டுகிறது, ஆனால் யாருடைய "போதும்" என்ற சண்டை அங்கே தொடங்குகிறது. 2010ல் ஒரு பேட்டிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. உங்களால் ஆகாது.

வடமராட்சி:

மாற்றுக்கருத்து அண்ணை சொன்னதிலை ஒண்டைச் சேர்க்கவேணும். உணர்ச்சியையும் பாத்துக் கேளுங்கோ. யூன்குக் சு, எட் டீனர் ஆக்கள் 1998இலை கனக்க நாட்டுத் தரவுகளைப் பாத்தவை. தனிமனிசரை முன்னுக்கு வைக்கிற நாடுகளிலை ஒராள் தன் வாழ்க்கையிலை திருப்தியோ எண்டதை அவற்றை மகிழ்ச்சி, கவலைதான் பெரும்பாலும் தீர்மானிக்குது. குடும்பம், குழு முன்னுக்கு நிக்கிற நாடுகளிலை "நான் இப்பிடித் திருப்தியாய் இருக்கவேணும்" எண்ட எதிர்பார்ப்புக்கும் அதே அளவு பங்கு. அதனாலை "நேற்று அழுதீங்களோ, நேற்றுக் கவலையாய் இருந்ததோ" எண்டு ஏணிக்குப் பிறகு நாலு கேள்வி போடுங்கோ. ஏணி 7, நேற்று முழுக்கக் கவலை எண்டால் அந்த ஏழு ஊர் எதிர்பார்ப்பின்ரை ஏழு.

செங்கம் செல்வி:

வளர்ப்பு வளர்ப்பு என்று எல்லாரும் பேசுகிறோம், அதை நேரடியாகவே கேட்கலாமே. உலக விழுமியக் கணக்கெடுப்பில் ஒரு அட்டை உண்டு: வீட்டில் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டியவை என்று பதினொன்று. நல்ல நடத்தை, தன் காலில் நிற்பது, உழைப்பு, பொறுப்பு, கற்பனை, சகிப்பு, சிக்கனம், விடாமுயற்சி, பக்தி, சுயநலமின்மை, கீழ்ப்படிதல். ஐந்து வரைதான் தேர்ந்தெடுக்கலாம். தன் காலில் நிற்பது, விடாமுயற்சி இரண்டையும் கூட்டி, கீழ்ப்படிதல், பக்தி இரண்டையும் கழித்தால் −2 முதல் +2 வரை ஒரு எண் வரும். அதை ஏணியின் திறந்த பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

என்ன கெடும் என்றால், பதினொன்றையும் வாயால் வாசித்தால் முதலிலும் கடைசியிலும் வந்தவையே தேர்வாகும். படிக்கத் தெரியாதவருக்குப் பதினொரு தனித்தனி அட்டை, படத்தோடு. குலுக்கிப் பரப்பிவிட்டு அஞ்சை எடுத்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, "பையனுக்கு" என்று ஒரு தடவை, "பொண்ணுக்கு" என்று ஒரு தடவை. ஒரே அம்மா இரண்டுக்கும் வேறு அட்டை எடுப்பதைப் பார்ப்பீர்கள். நிறைய நேரம் பையனுக்கு "தன் காலில்", பெண்ணுக்கு "நல்ல நடத்தை". "பிள்ளைகளுக்கு" என்று பொதுவாகக் கேட்டால் அந்த வித்தியாசம் அப்படியே அமுங்கிப்போகும்.

புள்ளிக்கணக்கு:

ஜீன் சாய் குழுவினர் 2007ல் குழந்தைகளின் படக்கதைகளை எடுத்து அளந்தார்கள். அதிகம் விற்ற அமெரிக்கக் கதைகளில் வரும் முகங்களில் சிரிப்பு அகலம், துள்ளல் அதிகம். தைவான் கதைகளில் அமைதியான முகம். பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே "நன்றாக இருப்பது" எப்படி இருக்கும் என்ற படம் கைக்கு வந்துவிடுகிறது. செல்வி அக்காவின் அட்டை முறை அதற்கு நல்ல துணை.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன், இதை யாரும் கேட்கவில்லை என்றாலும். இரண்டு குழுவுக்கு இடையே 0.3 படி வித்தியாசத்தைப் பிடிக்கவேண்டும், பதில்கள் சிதறும் அளவு (திட்ட விலக்கம்) 2.2 என்று வைத்துக்கொண்டால், வழக்கமான தோராய விதிப்படி: 16 × 2.2² ÷ 0.3² = ஒரு குழுவுக்குச் சுமார் 860 பேர். இது சீட்டுக் குலுக்கிய மாதிரி தனித்தனியாக எடுத்தால். ஊருக்கு 20 பேர் என்று கொத்தாக எடுத்தால், ஒரே ஊர்க்காரர் பதில்கள் ஒட்டியிருக்கும் அளவு 0.05 என்றாலும் 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு. ஒரு குழுவுக்கு 1,680. உங்களால் 800தான் முடியும் என்றால் 0.3 படி வித்தியாசத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இந்தியா உலக மகிழ்ச்சி அறிக்கையின் 2024 தரவரிசையில் 126, 2025ல் 118 என்று வந்ததும் "எட்டு இடம் ஏறிட்டோம்" என்று செய்தி போட்டார்கள். அது மூன்று வருடச் சராசரி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற நாடுகளில் எட்டு இடம் என்பது சின்ன நகர்வு.

பருவம் ரொம்ப முக்கியம். உங்கள் இரண்டு மாவட்டத்திலேயே 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013ல் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் குழு. அதே ஆட்கள், கையில் காசு இல்லாத மாதத்தில் சிந்தனைச் சோதனையில் குறைவாகச் செய்தார்கள். அவர்கள் அளந்தது ஏணியை அல்ல. ஆனால் ஆடி மாசத்தில் ஒரு வட்டாரத்தையும் தை மாசத்தில் இன்னொன்றையும் எடுத்துவிட்டு "பண்பாட்டு வித்தியாசம்" என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும். கேட்பாளர் குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு வட்டாரத்தையும் ஒரே மாதத்தில் முடியுங்கள். முகூர்த்த நாள் வேண்டாம். மொய் எழுதிவிட்டு வந்தவரிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

விழுப்புரம் களம்:

எல்லாருக்கும் நன்றி. ஏணிக்கென்று எனக்கு மொத்தம் 15 நிமிடம்தான் கிடைக்கும். எதை விடலாம்? திறந்த பதில்களை எப்படி எண்ணாக்குவது?

கேள்வித்தாள்:

திறந்த கேள்வி 7 நிமிடம், ஏணி 1, கதை மூன்றுக்கு 3, நேற்றைய உணர்வு 1, தனியாகப் போவதும் பணமும் 2. மீதி ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க. பதினோரு அட்டையை எல்லாரிடமும் கேட்கவேண்டாம், நாலில் ஒரு வீட்டில் போதும்.

குறியிட இரண்டு இலக்கம் வையுங்கள். முதல் இலக்கம் எது: 1 உடம்பு, 2 வருமானமும் கடனும், 3 வீடு நிலம், 4 படிப்பு வேலை, 5 கல்யாணமும் கடமை முடிப்பதும், 6 உறவும் மரியாதையும், 7 கோயில், தெய்வம், 8 நல்ல சாவு, 9 மற்றவை. இரண்டாம் இலக்கம் யாருக்கு: 1 தனக்கு, 2 கணவன் அல்லது மனைவிக்கு, 3 பிள்ளைகளுக்கு, 4 குடும்பம் முழுவதுக்கும், 5 ஊருக்கு. "பையன் பாஸாகி வேலைக்குப் போயிடணும்" என்றால் 43. "எனக்குன்னு ஒரு தையல் மெஷின்" என்றால் 41. இரண்டாம் இலக்கத்தை யாரும் வைப்பதில்லை, ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது அதில்தான் முதலில் தெரியும். ஒருவர் சொன்ன முதல் மூன்று பதிலுக்கு மேல் குறியிடாதீர்கள். இருவர் தனித்தனியாக முதல் நூறு பேட்டியைக் குறியிடட்டும். ஒத்துப்போகும் அளவு, கப்பா கணக்கில், 0.7க்குக் கீழே வந்தால் உட்கார்ந்து விதிகளைத் திருத்திவிட்டு மறுபடி அடுத்த ஐம்பது. பெரும்பாலும் 5க்கும் 6க்கும் இடையில்தான் அடித்துக்கொள்வார்கள்.

மாற்றுக்கருத்து:

அந்த 41 எத்தனை பெண்களிடம் வருகிறது என்று வந்தவுடன் இங்கே போடுங்கள். மாமியார் கூட இருந்த பேட்டியில் எத்தனை, இல்லாத பேட்டியில் எத்தனை என்று பிரித்து.

செங்கம் செல்வி:

தையல் மெஷின் உதாரணத்தைப் பயிற்சியில் மட்டும் சொல்லாதீங்க சார். அப்புறம் மாவட்டம் முழுக்கத் தையல் மெஷினாகத்தான் வரும்.